நள்ளிரவில் மணி அடித்த சத்திரம்

ரெயில் வராத காலம் அது. பஸ்சும் கிடையாது.

அரியலூர், பெரம்பலூர் பக்கத்து மக்கள் ராமேசுவரத்துக்குப் போக வேண்டுமா? நடந்துதான் போக வேண்டும். வசதி உள்ளவர்கள் மாட்டு வண்டி கட்டுவார்கள். கொள்ளிடத்தைத் தாண்டி, காவிரியைத் தாண்டி, தஞ்சாவூர் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகும் பல நாள் பயணம் இருக்கிறது.

வழியில் இருட்டிவிட்டால் எங்கே தங்குவது? குழந்தை பசித்து அழுதால் யாரிடம் பால் கேட்பது?

இதற்காகக் கட்டப்பட்டவைதான் சத்திரங்கள். அவற்றில் பெயர் பெற்றது ஒரத்தநாட்டில் உள்ள முக்தாம்பாள் சத்திரம். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் இந்த ஊர் இருக்கிறது.

சாகும்போது கேட்ட வரம்

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் அன்புக்கு உரியவர் முக்தாம்பாள். மரணப் படுக்கையில் இருந்தபோது, "என் பெயரால் ஒரு சத்திரம் கட்ட வேண்டும்" என்று அவர் மன்னரிடம் கேட்டுக்கொண்டாராம். மன்னர் அதை மறக்கவில்லை. 1802-ம் ஆண்டில் சத்திரம் எழுந்தது.

அங்கே என்ன நடந்தது?

தஞ்சைச் சத்திரங்களில் நடந்த தருமத்தைப் பற்றி, 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிக்கு சரபோஜி மன்னர் எழுதிய கடிதம் விவரமாகச் சொல்கிறது.

எந்தச் சாதியார் வந்தாலும் சாப்பாடு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமான்களும் கொடுக்கப்பட்டன. நள்ளிரவு வரை அன்னதானம் நடக்கும். பிறகு மணி அடிப்பார்கள். "இன்னும் சாப்பிடாதவர்கள் வாருங்கள்!" என்று கூவி அழைப்பார்கள்.

கைக்குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது. நோயாளிகளுக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் கிடைத்தன. அநாதைக் குழந்தைகளுக்கு மூன்று வேளை உணவு, துணி, படிப்பு எல்லாம் உண்டு. நான்கு நாளுக்கு ஒரு முறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள்!

தேர் போன்ற கட்டிடம்

முக்தாம்பாள் சத்திரத்தின் அடிப்பகுதி, குதிரைகளும் யானைகளும் இழுத்துச் செல்லும் தேர் போல அமைந்திருக்கிறது. அதன் அழகு வேலைப்பாடு கொண்ட மரத்தூண்களும் பார்க்கத் தக்கவை.

தஞ்சைச் சமவெளியில் மலை கிடையாது. கருங்கல்லை வெளியூரிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். ஆகவே அந்தப் பகுதியில் மாளிகைகளையும் வீடுகளையும் செங்கல், சுண்ணாம்பு, மரம் மூன்றையும் கொண்டு கட்டினார்கள்.

அந்தக் காலத்து மரவேலையில் ஒரு கணக்கு உண்டு. மரத்தூணைத் தரையில் நேராக நடமாட்டார்கள். அடியில் ஒரு கல் வைப்பார்கள். மண்ணின் ஈரம் மரத்தில் ஏறாது. கறையானும் எளிதில் ஏற முடியாது.

தூணின் தலையில் போதிகை. அதன் மேல் உத்தரம். உத்தரத்தின் மேல் வரிசையாகக் கட்டைகள். கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும். கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பாரம் சுமப்பது போல, மேல்தளத்தின் கனத்தை இவை ஒவ்வொன்றும் பங்கிட்டுக் கொள்கின்றன. ஒரு மரத்தின் முனையை நாக்கு போலச் செதுக்கி, இன்னொரு மரத்தின் துளையில் செருகிவிடுவார்கள். அப்படிப் பொருத்திய மரம் பழுதானால், அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

சிமெண்டு செய்யும் தீமை

இத்தகைய கட்டிடத்துக்குப் பெரிய எதிரி மழைநீர். தளத்தில் ஒரு விரிசல் விட்டால் போதும். சுவருக்குள் இருக்கும் உத்தரத்தின் முனை நனைந்து, மெல்ல மெல்ல உளுத்துப்போகும்.

விரிசலைச் சிமெண்டு வைத்து அடைத்தால் என்ன? அங்கேதான் தவறு நடக்கிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். வெளியே சுவர் பளபளக்கும். உள்ளே மரம் அழுகும்.

சிமெண்டு ஆலைகளுக்குப் பெயர் பெற்றது அரியலூர். அதற்குக் காரணம் அந்த மண்ணில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல். அதே கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். பழைய கட்டிடத்துக்கு அதுவே மருந்து.

லண்டனில் ஒரு சத்திரம்

லண்டன் நகரில் 'ஜார்ஜ்' என்ற பழைய விடுதி இருக்கிறது. தீயில் எரிந்த விடுதியை 1677-ல் திரும்பக் கட்டினார்கள். அதன் மாடித் தாழ்வாரங்கள் மரத்தால் ஆனவை. 1889-ல் ஒரு ரெயில்வே கம்பெனி அதன் பெரும்பகுதியை இடித்துவிட்டது. மிஞ்சியது ஒரு பக்கம்தான். 1937-ல் 'நேஷனல் டிரஸ்ட்' என்ற அமைப்பின் கைக்கு அது வந்தது. இன்றும் அங்கே மக்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

முக்தாம்பாள் சத்திரமும் பிற்காலத்தில் மாணவர் விடுதியாகப் பயன்பட்டது. அநாதைக் குழந்தைகளுக்குச் சோறும் படிப்பும் தந்த இடத்துக்கு அது பொருத்தமே. ஆனால் பராமரிப்புக் குறைந்ததால் கட்டிடம் சிதைந்தது.

ஆள் நடமாட்டம் இருந்தால், ஒழுகும் இடம் உடனே கண்ணில் படும். பூட்டிப்போட்டால் கறையான்தான் குடியேறும்.

உங்கள் ஊரிலும் மரத்தூண் வைத்த பழைய வீடோ சத்திரமோ இருக்கலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் அதன் கூரையை ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். ஒரு கூடை சுண்ணாம்பும் ஒரு நாள் வேலையும் ஓர் உத்தரத்தைக் காப்பாற்றிவிடும்!