பழவேற்காட்டில் ஒரு பிங்க் கோடு!

'மச்சி, ஞாயித்துக்கிழமை தீவுக்குப் போறோம். பறவை பார்க்க!'

பாரிவாக்கம் ஜங்ஷன் டீக்கடையில் நண்பன் இப்படிச் சொன்னதும் நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே லாரிப் புழுதியிலேயே வளர்ந்த நமக்குத் தெரிந்த பறவை காக்கா, புறா... மிஞ்சிப்போனால் சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ்!

ஆனாலும் கிளம்பிவிட்டோம். ஜனவரிப் பனி, அதிகாலை நாலரை மணி, இரண்டு பைக். ஆவடி, செங்குன்றம், தச்சூர் கூட்டு ரோடு, பொன்னேரி, அப்புறம் பழவேற்காடு. பைக் இல்லாதவங்க கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயினில் வந்து பொன்னேரியில் பஸ் பிடிக்கலாம்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் மதில் மாதிரி நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஆமாங்க, ராக்கெட் விடுகிற அதே ஸ்ரீஹரிகோட்டா! நம் பக்கத்து ஏரியை 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

கரையில் இறங்கியதுமே ஒருவர் வந்தார். "தீவு சுத்திக் காட்டுறேன் தம்பி, வாங்க." படகில் லைஃப் ஜாக்கெட்? ஒன்றுகூட இல்லை. நண்பன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். பக்கத்தில் நண்டு விற்றுக்கொண்டிருந்த பாட்டி சத்தம் போட்டார். "அன்னிக்குக் கிறிஸ்துமஸ் அதுவுமா எத்தனை உசுரு போச்சுன்னு தெரியுமாடா கண்ணுங்களா?"

அவர் சொன்னது 2011 டிசம்பர் 25. சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். வைத்த காலை நண்பன் எடுத்துவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை. தீவுன்னு சொல்லிக் கூட்டி வந்தவன் ஆயிற்றே!

"பறவைதானே பார்க்கணும்? அண்ணாமலைச்சேரிக்குப் போங்க" என்று அனுப்பி வைத்ததும் அதே பாட்டிதான்.

போனோம். தூரத்தில் தண்ணீருக்கு மேல் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. உப்புப் படிவம் என்று நினைத்தேன். கோடு நகர்ந்தது! அத்தனையும் பூநாரை. ஐந்தடி வரை வளரும். குச்சிக் கால், வளைந்த அலகு. தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி, அலகின் ஓரத்துச் சல்லடையில் சிக்கும் பாசியையும் குட்டி இறால்களையும் தின்கிறது. நம்ம வீட்டு டீ வடிகட்டி டெக்னிக்! அந்தச் சாப்பாட்டில் இருக்கிற கரோட்டினாய்டு நிறமிதான் பிங்க் கலர் தருகிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம்தான். குஜராத்தின் கட்ச் பாலைவனத்தில்தான் பெரும் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. இங்கே வருவது சாப்பிட. ஏரி ஆழமில்லாமல் இருப்பதுதான் வசதி. மழை கொட்டித் தண்ணீர் ஏறிவிட்டால் வேறு இடம் தேடிப் போய்விடும்.

இங்கேதான் நாங்கள் சொதப்பினோம். செல்போனில் பறவை புள்ளியாகத் தெரிகிறதென்று நானும் நண்பனும் பேண்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினோம். இருபது அடிகூடப் போயிருக்க மாட்டோம். மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது! இறக்கை விரிந்ததும் உள்ளே அடக்கி வைத்திருந்த சிவப்பும் கறுப்பும் வெளியே வந்து வானமே நிறம் மாறியது. வாயைப் பிளந்து நின்றோம். கிளிக் பண்ணக்கூடத் தோன்றவில்லை.

வலையோடு வந்த மீனவ அண்ணன் ஒருவர் எங்களை முறைத்தார். "விடியக்காலையிலேருந்து மேஞ்சிட்டிருந்துச்சுங்க. உங்க போட்டோவுக்காகக் கிளப்பி வுட்டுட்டீங்களே."

பதில் பேச முடியவில்லை. இந்த ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று 'பாடு' முறை வைத்து, முறை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இவர்கள். தனக்கு முறை இல்லாத நாளில் அந்த இடத்துக்குப் போகமாட்டார்கள். அவரிடம் போய் என்ன சமாதானம் சொல்வது? கூட்டம் வெகுதூரத்தில் போய் இறங்கியது. திரும்ப வரவே இல்லை. ஒரு மணி நேரம் கரையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த ஜனவரிக்கு சூலூர்பேட்டை பிளான். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் ரோடு ஏரியைப் பிளந்துகொண்டுதான் போகிறது. சேற்றில் இறங்காமல் ரோட்டோரத்தில் நின்றே பார்க்கலாம். பைனாகுலர்தான் இல்லை. உங்க மாமா, சித்தப்பா யாராவது துபாயிலிருந்து வாங்கி வந்திருந்தால் கொஞ்சம் சொல்லுங்களேன்!