பனிக்குள் மூச்சு விடும் கோதுமை

கனடா நாட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஆல்பர்ட்டா, சஸ்காட்செவான், மானிட்டோபா என்ற மூன்று மாகாணங்கள் அடுத்தடுத்து இருப்பதைக் காண்பீர்கள். இவற்றின் தென்பகுதி பரந்த சமவெளி. இதைப் ‘பிரெய்ரி’ என்பர். கோதுமை, பார்லி, ஓட்ஸ், கனோலா, மசூர்ப் பருப்பு ஆகியவை இங்கு ஏராளமாக விளைகின்றன.

மே மாதத்தில் விதைப்பு நடக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் அறுவடை முடியும். பிறகு நிலம் உறைந்து கல்லாகிவிடும். பிப்ரவரி இறுதியில்கூட விடியற்காலை வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கு இறங்குவதுண்டு. குளிர்பதனப் பெட்டியில் பனிக்கட்டி உறையும் அறையே மைனஸ் 18 டிகிரிதான்! ‘அப்படியானால் உழவருக்கு இது ஓய்வுக் காலம்தானே?’ என்று கேட்பீர்கள். இல்லை. விளைந்த தானியம் இன்னும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. அதுவோ உயிருள்ள பொருள்!

வீட்டருகே உருளை வடிவில் எஃகுக் குதிர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு குதிரில் 5,000 புஷல், அதாவது ஏறக்குறைய 136 டன் கோதுமை பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோதுமை மணியும் உறங்கும் ஒரு விதை. அது மிக மெதுவாகச் சுவாசிக்கிறது. பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவையும் நீரையும் சிறிது வெப்பத்தையும் வெளிவிடுகிறது. மணியில் ஈரம் மிகுந்தால் சுவாசமும் மிகும். அந்த ஈரத்தில் பூஞ்சணம் வளரும். பூஞ்சணமும் சுவாசித்து மேலும் நீரையும் வெப்பத்தையும் உண்டாக்கும். இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும். ஆகவேதான் கனடாவில் கோதுமையின் ஈரம் 14.5 விழுக்காட்டுக்கு மிகாதிருந்தால் மட்டுமே அதை உலர்ந்ததாகக் கொள்கின்றனர்.

வெளியே மைனஸ் 30 டிகிரி இருக்கும்போது உள்ளே எப்படிச் சூடேறும்? தானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே சுவரோரம் உள்ள தானியம் குளிர்ந்துவிட்டாலும் நடுவில் உள்ளது அறுவடைக் கால வெப்பத்தைப் பல வாரங்கள் வைத்திருக்கும். சுவரோரக் காற்று குளிர்ந்து அடர்த்தி மிகுந்து கீழே இறங்குகிறது. நடுவில் உள்ள காற்று மேலே எழுகிறது. எழும் காற்று ஈரத்தையும் சுமந்து செல்கிறது. உச்சியில் இருக்கும் குளிர்ந்த தானியத்தைத் தொட்டவுடன் அந்த ஈரம் அங்கேயே படிகிறது. குளிர்ந்த நீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே நிகழ்ச்சிதான்.

குளிர்காலம் முடியும் தறுவாயில் இந்தச் சுழற்சி திசை மாறுகிறது. மார்ச் மாத வெயில் குதிரின் சுவரைச் சூடாக்க, சுவரோரக் காற்று மேலெழுகிறது. நடுவில் குளிர்ந்த காற்று கீழிறங்குகிறது. ஈரம் இப்போது அடிப்பாகத்தின் நடுவில் சேர்கிறது. உச்சியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்தவர் ஏமாந்து போவார்!

எனவே உழவரின் நாள் குதிர்களைச் சோதிப்பதில் தொடங்குகிறது. பல குதிர்களுக்குள் வெப்பநிலையை உணரும் கம்பிகள் தொங்குகின்றன. சில டிகிரி ஏறியிருந்தாலும் அது எச்சரிக்கை. உடனே விசிறியை இயக்கிக் குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்துவார். அல்லது தானியத்தில் ஒரு பகுதியை வெளியே எடுத்துக் கலைத்துவிடுவார். கடுங்குளிர் இங்கு நண்பனும்கூட. துருநிறத் தானிய வண்டு இருக்கும் குதிரில் தானியத்தையே மைனஸ் 20 டிகிரிக்குக் குளிர்வித்து ஒரு வாரம் வைத்திருந்தால் வண்டுகள் மடிந்துவிடும். மருந்து தேவையில்லை.

அடுத்த வேலை, விற்ற தானியத்தை லாரியில் ஏற்றி ரயில் பாதையோரச் சேமிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்வது. லாரியைக் கிளப்புவதே ஒரு வேலை. கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கும், எண்ணெய் கெட்டியாகும். ஆகவே எஞ்சினைச் சூடாக்கும் மின்சாதனத்தை முன்னதாகவே இணைத்துவைப்பார்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது. உறைந்த சாலை பாரத்தைத் தாங்கும். பனி உருகும்போதோ மேல்மண் இளகிவிடும். அடியில் உறைந்திருக்கும் மண் நீரைக் கீழே விடாது. சாலை சேறாகும். அப்போது பல சாலைகளில் லாரியின் எடைக்கு அரசு வரம்பு விதிக்கிறது.

இந்த வேலையில் உயிருக்கே ஆபத்தும் உண்டு. கெட்டுப்போன தானியம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிடும். அடியில் தானியம் வெளியேறும்போது பாளத்துக்குக் கீழே வெற்றிடம் உண்டாகும். பாளத்தை உடைக்க ஒருவர் மேலே ஏறி நின்றால், அது சரிந்து அவரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓடும் தானியம் புதைமணலைப் போன்றது. சில வினாடிகளில் முழங்காலைத் தாண்டிவிடும். அதன்பின் தாமாக வெளிவர இயலாது. அரை நிமிடத்துக்குள் ஆளையே மூடிவிடக்கூடும். ஆகவே தானியம் ஓடும்போது குதிருக்குள் இறங்கக்கூடாது. எந்திரத்தை நிறுத்திப் பூட்டிய பிறகும் இடுப்புக் கயிறும் வெளியே ஒரு துணையும் இன்றி இறங்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி. தானியம் நன்றாக இருந்தால் உள்ளே இறங்க வேண்டிய அவசியமே அநேகமாக வராது. தினமும் காலையில் பார்க்கும் அந்த வெப்பநிலை, விளைச்சலை மட்டுமல்ல, ஆளையும் காக்கிறது.

மாலையில் இன்னொரு சோதனை. மே மாத விதைப்புக்காக எடுத்துவைத்த தானியத்தில் 100 விதைகளை எண்ணி, ஈரத் தாளில் பரப்பி, வீட்டுக்குள் மிதமான வெப்பத்தில் வைப்பார்கள். ஒரு வாரம் கழித்து முளைத்தவற்றை எண்ணுவார்கள். 95 முளைத்தால் முளைப்புத் திறன் 95 விழுக்காடு. குதிரில் சூடேறிய விதை பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம், ஆனால் முளைக்காது. சரியான முடிவு தேவை என்பவர்கள் விதைப் பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்புவதுண்டு.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். 100 பச்சைப்பயறுகளை இரு பங்காக்குங்கள். ஒரு பங்கை உலர்ந்த டப்பாவிலும், மற்றொன்றைச் சிறிது நீர் தெளித்து மூடிய டப்பாவிலும் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு இரண்டையும் தனித்தனியே ஈரத்துணியில் முளைக்கவிட்டு எண்ணுங்கள். பூஞ்சணம் பிடித்ததை முகராதீர்கள், கைகளைக் கழுவிவிடுங்கள். எந்தப் பங்கு அதிகம் முளைத்தது? ஏன்?