மூடி வைத்த காரும் துருப்பிடிக்கும்! மழைக்காலத்துக்கு எந்தக் கவர் வாங்குவது?

மழை மேகம் கூடினால் சென்னையில் இரண்டு சாமான் நன்றாக விற்கும். ஒன்று குடை. இன்னொன்று கார் கவர்.

அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஐப்பசி வந்தால் கவர் வாங்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்.

"அண்ணே, தண்ணி இறங்காத கவர் இருக்கா?"

"ஒரு சொட்டு இறங்காது சார். எடுத்துட்டுப் போங்க!"

பேரம் முடிகிறது. கவர் கார் மேல் ஏறுகிறது. கார்காரர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

தை பிறந்து கவரை எடுத்தால் பகீர் என்கிறது. கதவின் அடி ஓரத்தில் துரு. சீட்டில் பூஞ்சை. உள்ளே ஒரு புழுங்கல் நாற்றம். பெயிண்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

மழைதான் உள்ளே இறங்கவில்லையே! பிறகு எப்படி வந்தது துரு?

சோற்றுப் பானை

பதில் அடுப்படியில் இருக்கிறது.

சூடான சோற்றுப் பானையைத் தட்டுப் போட்டு மூடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் திருப்பிப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். மேலே இருந்து யாரும் ஊற்றவில்லை. ஆவி வெளியே போக வழி இல்லை. தட்டில் பட்டுத் தண்ணீர் ஆகிவிட்டது.

காருக்கும் இதே கதிதான். மழை விட்டதும் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. காருக்கு அடியில் ஈரத் தரை. அதிலிருந்து ஆவி மேலே கிளம்புகிறது. பிளாஸ்டிக் மாதிரியான கவர் அதை வெளியே விடுவதில்லை. ராத்திரி குளிர்ந்ததும் கவரின் உள்பக்கமும் காரின் மேல்பக்கமும் வேர்த்துப் போகின்றன. மறுநாளும் அதே கதை.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். இரண்டும் கவருக்குள்ளேயே இருக்கின்றன. மழையில் நனைந்த கார் வெயில் வந்தால் காய்ந்துவிடும். கவருக்குள் நனைந்த கார் லேசில் காயாது!

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய 3 மாதத்தில் கொட்டிவிடுகிறது. அந்த 3 மாதமும் தப்பான கவருக்குள் கிடந்தால் கார் என்ன ஆகும்?

ஷெட் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. தவணை கட்டி ஒரு கார் வாங்கி, அதைத் தெருவோரம் நிறுத்துகிறவர்களுக்குத்தான் எல்லாக் கவலையும். துரு ஒரு இடத்தில் பிடித்தால் நிற்காது. டிங்கர் வேலை, பட்டி, பெயிண்ட் என்று பட்டறையில் பணம் கரையும். சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். தளம் சல்லடையாகிப் போன காரை எப்படிக் காட்டுவது?

உப்புக் காற்று

கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தொல்லை இன்னும் அதிகம். ராயபுரம், திருவல்லிக்கேணி, பெசன்ட் நகர், திருவான்மியூர் பகுதிகளில் கடல் காற்றோடு உப்பும் வருகிறது. உப்பு டப்பாவைத் திறந்து வைத்தால் மழைக் காலத்தில் உப்பு கசிகிறது அல்லவா? அதே குணம்தான். கார் மேல் படியும் உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துருப்பிடிக்கிற வேகம் கூடும்.

இங்கே கவர் தேவைதான். ஆனால் கழுவாத காருக்கு மேல் கவர் போடக்கூடாது. உப்பையும் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும்.

மூன்று வகை

கடையில் கவர் பல நிறத்தில் தொங்கும். விஷயம் நிறத்தில் இல்லை. துணியில் இருக்கிறது.

முதல் வகை, பிளாஸ்டிக் அல்லது தார்ப்பாய். மழை இறங்காது. ஆவியும் வெளியேறாது. மாதக் கணக்கில் காரை மூடி வைக்க இது லாயக்கில்லை.

இரண்டாவது, ஒற்றை மடிப்பு பாலியஸ்டர் கவர். வெள்ளி நிறத்தில் பளபளக்கும். எடை குறைவு. விலையும் குறைவு. தூசி, பனி, காக்கை எச்சம் இவற்றுக்குப் போதும். அடைமழையில் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கும். தினமும் ஆபீசுக்குக் கார் எடுத்துப் போகிறவர்களுக்கு, ராத்திரி மட்டும் போட இது சரிப்படும்.

மூன்றாவது, பல அடுக்குக் கவர். நடு அடுக்கில் மிக நுண்ணிய துளைகள் உள்ள ஒரு படலம் இருக்கும். மழைத்துளி பெரியது. அந்தத் துளையில் நுழையாது. ஆவி நுண்ணியது. வெளியேறிவிடும். உள்பக்கம் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். விலை கூடுதல். வாரம் ஒரு முறைதான் காரை எடுப்பேன் என்கிறவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், மழையைத் தடுத்தால் மட்டும் போதாது. கவர் மூச்சு விட வேண்டும்!

டீ கிளாஸ் பரீட்சை

எல்லாக் கடையிலும் "இது மூச்சு விடும் கவர்தான்" என்பார்கள். எப்படி நம்புவது?

ஒரு கிளாஸ் சூடான டீ போதும். கிளாசின் வாயைக் கவரின் ஒரு ஓரத்தால் இறுக்கி மூடுங்கள். கவரின் உள்பக்கம் டீயைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் மூக்குக் கண்ணாடியைப் பிடியுங்கள். சிறிது நேரத்தில் கண்ணாடி மங்கினால் கவர் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். கண்ணாடி பளிச்சென்று அப்படியே இருந்தால், அது பிளாஸ்டிக்கின் அண்ணன்தான்!

அடுத்தது தண்ணீர். கவரின் வெளிப்பக்கத்தைக் குழி மாதிரிப் பிடித்து அரை டம்ளர் தண்ணீர் விடுங்கள். உடனே அடியில் கசிந்தால் மழைக்கு ஆகாது.

மூன்றாவது, கவரை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தையல் ஓரம் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் அங்கேதான் மழை இறங்கும். இரட்டைத் தையல் போட்டு, மேலே பட்டை ஒட்டியிருந்தால் நல்லது.

கடைசியாக, உள்பக்கத்தைக் கன்னத்தில் தேயுங்கள். கன்னத்துக்குச் சொரசொரப்பு என்றால் பெயிண்டுக்கும் சொரசொரப்புதான்.

அளவு முக்கியம்

"எல்லாக் காருக்கும் சேரும்" என்று விற்கும் கவரை நம்பக்கூடாது. பழைய அம்பாசடர் சுமார் 4.3 மீட்டர் நீளம். மாருதி 800 சுமார் 3.3 மீட்டர்தான். இரண்டுக்கும் ஒரே கவர் எப்படிச் சேரும்?

தொளதொளவென்று இருந்தால் காற்றில் படபடக்கும். கவருக்கும் காருக்கும் நடுவே தூசி இருந்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி கீறிவிடும். கார் மாடலின் பேரைச் சொல்லி அதற்கான கவரையே கேட்க வேண்டும். பக்கக் கண்ணாடிக்குத் தனிப் பை இருக்க வேண்டும். முன்னும் பின்னும் எலாஸ்டிக் இருக்க வேண்டும். வண்டியின் வயிற்றுக்கு அடியில் கொடுத்துக் கட்டும் பட்டையும் கொக்கியும் அவசியம்.

பட்டை இல்லாத கவர் ராத்திரிக் காற்றில் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். காற்று கொண்டுபோகாவிட்டால் ஆள் கொண்டுபோவார்! அதனால்தான் பலர் கவரின் மேல் வண்டி நம்பரைப் பெரிதாக எழுதி வைக்கிறார்கள்.

தீபாவளி ராத்திரி

மழைக் காலத்துக்கு நடுவே தீபாவளி வருகிறது. அன்று ராக்கெட் எங்கே விழும் என்று விட்டவருக்கே தெரியாது.

வெறும் கார் மேல் பொறி விழுந்தால் பெயிண்டில் ஒரு தழும்போடு போகலாம். கவர் மேல் விழுந்தால்? பாலியஸ்டர் உருகி எரியும். எரிந்தபடியே கார் மேல் ஒட்டும். அப்புறம் கார் மிஞ்சுவது சந்தேகம்.

அதனால் தீபாவளி அன்று கவரை எடுத்து மடித்து வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். காரைக் கூட்டம் இல்லாத இடத்தில் நிறுத்த வேண்டும். போகி விடியற்காலையும் அப்படித்தான். தெருவில் பழைய பாய் எரிகிறது என்றால், பக்கத்தில் நிற்கும் காருக்குக் கவர் வேண்டாம். நெருப்பு அணைந்த பிறகு சாம்பல் படியாமல் இருக்கப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு நெருப்பும் உண்டு. ஓட்டிவிட்டு வந்த உடனே கவர் போடக்கூடாது. சைலன்சர் சூட்டில் கவர் உருகும். எஞ்சின் ஆறட்டும்.

புயலுக்கும் வெள்ளத்துக்கும்

கவர் மழைக்குத்தான். புயலுக்கு அல்ல. 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் வீசியபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கார்கள் அப்பளமாக நொறுங்கின. கவர் போட்டிருந்தாலும் தப்பியிருக்காது. புயல் எச்சரிக்கை வந்தால் மரத்தடியில் இருந்து காரை நகர்த்துவதுதான் முதல் வேலை.

வெள்ளத்துக்கும் கவர் உதவாது. தண்ணீர் கீழே இருந்து அல்லவா ஏறுகிறது! 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் நின்ற கார்களை வெள்ளம் அடித்துப் போனது. வேளச்சேரிக்காரர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள்.

கார் தண்ணீரில் மூழ்கி நின்றிருந்தால் சாவியைத் தொடவே கூடாது. ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து உடைத்துவிடும். மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்த பிறகுதான் மற்றது.

எலி குடித்தனம்

நாள் கணக்கில் மூடிக் கிடக்கும் கார் எலிக்கு நல்ல வீடு. இருட்டு, கதகதப்பு, மழை இல்லை. பொழுது போகாவிட்டால் வயரைக் கடிக்கும்! வாரம் ஒரு முறையாவது கவரை எடுத்து பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

அந்த ஒரு நாளில் மற்ற வேலையும் முடிந்துவிடும். வெயில் அடிக்கும்போது நாலு கதவையும் திறந்து வையுங்கள். மிதியடியைத் தூக்கி உலர்த்துங்கள். கால் மணி நேரம் காரை ஓட்டி வாருங்கள். ஈரமும் போகும், பேட்டரியும் உயிரோடு இருக்கும்.

நனைந்த கவரை மடித்து டிக்கியில் வைத்தால் நாற்றமும் பூஞ்சையும் காருக்குள் வரும். மாடிக் கொடியில் போட்டுக் காய வைத்த பிறகு மடிக்க வேண்டும். காக்கை எச்சம் விழுந்திருந்தால் காயும் முன்பே தண்ணீர் விட்டுத் துடையுங்கள். அதன் புளிப்பு பெயிண்டை அரிக்கும்.

வீட்டுப் பக்கத்தில் நாலு கால் நட்டு, மேலே ஒரு தகரம் போட இடம் இருக்கிறதா? அப்படியானால் கவருக்குக் கொடுக்கும் பணத்தை அதில் போடுங்கள். மேலே கூரை, நாலு பக்கமும் காற்று. இதைவிட நல்ல கவர் எந்தக் கடையிலும் இல்லை. அந்த இடம் இல்லாதவர்கள், கடைக்குப் போகும்போது மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போகட்டும். பக்கத்து டீக்கடையில் ஒரு டீயும் குடித்த மாதிரி ஆச்சு!