காந்தியைப் பாடும் குரல்

குரலும் கூத்தும் – பகுதி 9

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாசி அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் ஊன்றப்படுவது தொடங்கி மன்மதன் எரிக்கப்படும் இரவு வரை நடைபெறும் காமன் கூத்து கடந்த பகுதிகளில் ஆராயப்பட்டது. அக்கூத்தில் கதை பாட்டாலேயே நகர்கிறது. ரதியும் மன்மதனும் தம் வாக்குவாதத்தைக்கூடப் பாடியே நடத்துகிறார்கள். தப்பின் முழக்கத்தைத் தாண்டிக் கூட்டத்தின் கடைசி வரிசை வரை பாடுபவரின் குரல் தன் வலிமையாலேயே சென்று சேர வேண்டியிருக்கிறது. 1600ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் உருப்பெற்று ஐரோப்பா முழுவதும் பரவிய ஓபரா என்னும் இசை நாடகமும் இவ்வடிப்படைகளின் மீதே நிற்பதால், பதுளையிலும் பசறையிலும் கூத்துப் பார்த்து வளர்ந்த வாசகருக்கு அது முற்றிலும் அந்நியமான கலை அன்று. இலங்கை வம்சாவளியினரான ஷான் பணிக்கர் என்னும் அமெரிக்கப் பாடகரின் இசைவாழ்வை முன்வைத்து அக்கலையை அணுகுவது இப்பகுதியின் நோக்கம்.

பணிக்கரின் குரல் டெனர் வகையைச் சேர்ந்தது. மேலை இசையில் ஆண் குரல்கள் தாழ்ந்தது, இடைப்பட்டது, உயர்ந்தது எனப் பிரிக்கப்பட்டு முறையே பாஸ், பாரிட்டோன், டெனர் எனப் பெயர் பெறுகின்றன. டெனர் குரலின் வழக்கமான எல்லை ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலிருந்து 520 ஹெர்ட்ஸ் வரை இரண்டு ஸ்தாயிகளுக்கு விரிகிறது; அதன் உச்சியிலுள்ள சுரங்களைப் பொய்க்குரலுக்கு நழுவாமல் முழுக்குரலில் பாடுவதே இவ்வகைப் பாடகரின் பெருஞ்சோதனை. ஓர்க்கெஸ்ட்ரா எனப்படும் பல்லியக் குழு முழுவதும் ஒலிக்கும்போது ஒலிவாங்கியற்ற ஒற்றைக் குரல் எவ்வாறு கேட்கிறது என்பதற்கு ஒலியியல் விடை கண்டிருக்கிறது: பல்லியத்தின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸை ஒட்டி மிகுந்து அதற்கு மேல் படிப்படியாகக் குறைய, பயிற்சி பெற்ற பாடகர் குரல்வளைக்கு மேலுள்ள வெளியைத் தக்கவாறு அமைத்து 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைச் செறிவாக்குவதால், வாத்தியங்கள் வலுவிழக்கும் அந்த எல்லையில் அவர் குரல் மேலோங்கி அரங்கின் பின்வரிசையை அடைகிறது. தப்போடு போட்டியிட்டுப் பாடும் கூத்துக் கலைஞரின் குரற்கூர்மையும் இந்த நோக்கில் அளந்து ஆராயத் தக்கதே. மலையக வாய்மொழிப் பாடல்களின் சொற்களைத் தொகுக்கக் காட்டப்பட்ட அக்கறை, அவற்றைப் பாடிய குரல்களை ஆராய்வதிலும் காட்டப்பட வேண்டும்.

டெனரின் தொழில்வாழ்வில் ஓபராவுக்கு இணையான மற்றொரு துறை ஒரட்டோரியோ. வேடமும் காட்சியமைப்பும் நடிப்பும் இன்றி, பெரும்பாலும் விவிலியத்திலிருந்து எடுத்த ஒரு பொருளைத் தனிக்குரல்களும் சேர்ந்திசைக் குழுவும் வாத்தியங்களும் நின்ற இடத்திலிருந்தே இசைக்கும் வடிவம் அது. 1742இல் டப்ளினில் அரங்கேறிய ஹாண்டலின் ‘மெசையா’வில் வாத்திய முன்னிசை முடிந்தபின் எழும் முதல் மனிதக் குரல் டெனருடையது. தமிழில் இதற்கு ஓரளவு நெருங்கிய வடிவமாக, கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை போன்றவற்றைக் கொண்டு நடத்தப்படும் கதாகாலட்சேபத்தைக் கூறலாம். ஓபராவில் பாடகர் பாத்திரமாகவே மாறிவிட, ஒரட்டோரியோவில் அவர் நிகழ்ச்சிக்கு வெளியே நின்று அதைச் சொல்பவராகிறார். பணிக்கரின் மிகச் சிறந்த வேடத்தைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு இன்றியமையாதது.

பென்சில்வேனியா மாநிலத்தின் ப்ளூம்ஸ்பர்க்கைச் சேர்ந்த அவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் குரலிசை பயின்று, சான் பிரான்சிஸ்கோ ஓபரா இளம் பாடகர்களுக்கென நடத்தும் ஆட்லர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். 2008இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில், புச்சினியின் ‘மனோன் லெஸ்கோ’ ஓபராவில் எட்மோண்டோ என்னும் மாணவனாக, ஜேம்ஸ் லெவைன் இசை நடத்த முதன்முறையாகப் பாடினார். 2013இல் ‘அமெரிக்காஸ் காட் டேலண்ட்’ தொலைக்காட்சிப் போட்டியில் ‘ஃபோர்ட்டே’ என்னும் மூவர் குழுவில் ஒருவராக இறுதிச்சுற்றை எட்டியதால் ஓபரா அரங்கை அறியாத மக்களும் அவரை அறிந்தனர். 2018இல் சால்ஸ்பர்க் விழாவில் ஹென்ஸேயின் ‘பாசரிட்ஸ்’ ஓபராவில் டயோனைசஸ் என்னும் கிரேக்கத் தெய்வமாகவும், 2023இல் லண்டன் ராயல் ஓபராவிலும் 2024இல் மியூனிக்கிலும் வாக்னரின் ‘ரைன் தங்க’த்தில் லோகே என்னும் நெருப்புத் தெய்வமாகவும் பாடியவை அவரை முன்னணிக்குக் கொண்டுவந்தன. டெனருக்கு வழக்கமாக வாய்க்கும் காதலன் வேடங்களைக் காட்டிலும், சொல்லைக் கூர்மையாக உச்சரித்துப் பாடவேண்டிய, இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகளின் கடினமான வேடங்களே அவருடைய தனித்தன்மையை வெளிப்படுத்தின என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

அவ்வகையில் முதலிடம் பெறுவது, 2018இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் 2021இல் லண்டனிலும் அவர் பாடிய காந்தி வேடம். ஃபிலிப் கிளாஸ் இசையமைத்த ‘சத்தியாக்கிரகம்’ 1980 செப்டெம்பர் 5 அன்று நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் அரங்கேறியது. 1893 முதல் 1914 வரையிலான காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்வு அதன் பொருள். பாடப்படும் சொற்களோ முழுவதும் பகவத் கீதையிலிருந்து எடுத்த சமஸ்கிருதச் சுலோகங்கள். மேடையில் நிகழ்வதைச் சொற்கள் விவரிப்பதில்லை. செயல் ஒருபுறமும் தியானம் மறுபுறமுமாக நடக்க, சேர்ந்திசைக் குழுவே பெரும்பாரத்தைச் சுமக்கிறது. பித்தளைக் குழல்களும் தாள வாத்தியங்களும் நீக்கப்பட்டு, தந்தி வாத்தியங்களும் மரக்குழல்களும் மின் ஆர்கனும் மட்டுமே ஒலிக்கின்றன. ஓபரா என்று அழைக்கப்பட்டாலும் இயல்பில் இது ஒரட்டோரியோவுக்கு மிக அருகில் நிற்பதால், காந்தியாகப் பாடுபவர் பாத்திரமாக இருந்துகொண்டே சொல்பவராகவும் நிற்க வேண்டிய அரிய நிலை ஏற்படுகிறது.

அதன் மூன்றாம் அங்கம் 1913ஆம் ஆண்டின் நியூகாசில் நடைப்பயணத்தைப் பற்றியது. 1860இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டுசேர்த்தது முதல், நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களில் பெருந்தொகையினர் தமிழர். ஒப்பந்தம் முடிந்தபின்னும் அங்கேயே தங்க விரும்பியோர் மீது சுமத்தப்பட்ட ஆண்டுக்கு மூன்று பவுண் வரியை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. சுரங்கத் தொழிலாளரை வேலையை விட்டு வெளியேறத் தூண்டியவர்கள் திரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காந்தியுடன் நடந்து எல்லையைக் கடந்தனர். சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரியில் இறந்தார். அவ்வாண்டே வரி நீக்கப்பட்டது. ஊவாவின் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது ஒப்பந்த முறை அன்று, கங்காணி முறையே எனினும், நேட்டாலுக்குக் கப்பலேறியோரும் இலங்கைக்கு வந்தோரும் தமிழ்நாட்டின் ஒரே வறுமையிலிருந்து புறப்பட்டவர்கள். காந்தியே 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கை வந்தபோது, மூன்றாண்டுகளுக்கு முன்பே ரயில் பாதை எட்டியிருந்த பதுளையில் உரையாற்றினார். எனவே இந்த அங்கத்தில் மேடையேறும் கூட்டத்தை ஊவா வாசகர் தம் முன்னோரின் உறவினராகவே காண்பதற்கு முழு நியாயமுண்டு.

ஓபராவின் இறுதியில் காந்தி தனித்துப் பாடும் மாலைப்பாடல் இசை நோக்கில் மேலும் வியப்பளிப்பது. எட்டுச் சுரங்கள் கொண்ட ஓர் ஆரோகணம், வேறெந்த அலங்காரமும் இன்றி, முப்பது முறை திரும்பத் திரும்ப ஏறுகிறது. ஃபிரிஜியன் என்று மேலை இசை அழைக்கும் அந்தச் சுர வரிசை, கர்நாடக இசையில் எட்டாம் மேளமாகிய ஹனுமத்தோடியின் சுரங்களையே கொண்டது. ஆயினும் தோடிக்கு உயிரான கமகம், அதாவது சுரங்களை அசைத்துப் பாடும் முறை, இங்கு அறவே இல்லை. சுரம் சிறிதும் அசையாமல் நேராக நிற்க வேண்டும். முப்பதாம் முறையும் முதல் முறைக்குரிய மூச்சும் தெளிவும் குறையாமல் வர வேண்டும். ஏறத்தாழ மூன்று மணி நேர நிகழ்ச்சியின் முடிவில் இதைச் செய்ய வேண்டும். உச்சச் சுரத்தை முழக்கிக் கைதட்டல் பெறுவதை விட இது கடினமான வித்தை. விடியும் வரை ஒரே மெட்டில் பாட்டுக்குப் பின் பாட்டாகப் பாடிக் குரல் காக்கும் கூத்து வாத்தியார்கள் அதன் அருமையை உடனே உணர்வர்.

பணிக்கர் 2021இல் சால்ஸ்பர்க்கில் ஏற்ற இன்னொரு வேடமும் ஊவாவுக்கு நெருக்கமானது. இத்தாலிய இசையமைப்பாளர் லூயிஜி நோனோவின் ‘இன்டோலரன்சா 1960’ என்னும் படைப்பில், அந்நிய நாட்டுச் சுரங்கத்தில் உழைத்துச் சலித்துச் சொந்த ஊர் திரும்பப் புறப்படும் பெயரற்ற தொழிலாளி, வழியில் ஆர்ப்பாட்டமொன்றில் பிடிபட்டு, சித்திரவதையும் முகாமும் கண்டு, கடைசியில் வெள்ளத்தில் மாள்கிறான். 1961இல் வெனிஸில் அது முதன்முதலாக மேடையேறிய மூன்றாண்டுகளில், 1964 ஒக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. நோனோவின் தொழிலாளிக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் நினைவிலாவது இருந்தது; ஊவாவின் லயங்களிலிருந்து தலைமன்னாருக்கு ரயிலேறியவர்களில் பலரோ இந்தியாவை அதுவரை கண்டிராதவர்கள்.