மாயாவியின் கையும் இரணியனின் வரமும்

இரணியன் பெற்ற வரத்தைப் போல அத்தனை எச்சரிக்கையோடு எழுதப்பட்ட ஒப்பந்தம் வேறெங்கேனும் உண்டா என்பது சந்தேகமே. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது, வெளியிலும் கூடாது, மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது என்று மரணம் நுழையக்கூடிய ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே வந்த அந்த அசுரன், அந்தி என்றொரு வேளை இருப்பதையும் வாசற்படி என்றொரு இடம் இருப்பதையும் மறந்துபோனான். இராவணனோ மானிடரை ஒரு பொருட்டாகவே மதியாமல், அவர்கள் பெயரைத் தன் பட்டியலில் சேர்க்காமல் விட்டான். சுந்தரராஜப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் எங்கள் கோவில்பதாகையில் இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த சிறுவர்கள், பிற்பாடு காமிக்ஸ் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது, ‘இவனுக்கு என்ன சக்தி?’ என்று கேட்ட அதே மூச்சில் ‘இவனை எதைக் கொண்டு வீழ்த்தலாம்?’ என்றும் கேட்டதில் ஆச்சரியம் ஏதுமில்லை.

அக்கேள்விக்கு மிகவும் ருசிகரமான விடையாக வந்து சேர்ந்தவன் இரும்புக்கை மாயாவி. சிவகாசியில் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே அவன் கதைதான். 1962 அக்டோபரில் ‘வேலியன்ட்’ என்னும் பிரிட்டிஷ் வார இதழில் பிறந்த அவனுக்குக் கென் பல்மர் கதை எழுத, ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் தேசத்து ஓவியர் உருவம் கொடுத்தார். கதாநாயகன் லூயிஸ் கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்து, எஃகினாலான கையைப் பொருத்திக்கொண்டவன். ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த இன்னொரு விபத்தில் மின்சாரம் உடலில் பாய்ந்தபோது ஆள் மறைந்தான்; கை மறையவில்லை.

இந்தக் கற்பனையின் நேர்த்தியைப் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களில் கண்டவர்களே முழுமையாக உணர்வார்கள். ஆளரவமற்ற அறை, சுவரோரம் ஓர் இரும்புப் பெட்டகம், அதன் பிடியை நோக்கி மணிக்கட்டோடு முடிந்துபோன ஒரு கை அந்தரத்தில் நகர்கிறது. விரல் கணுக்களின் மீது விளக்கொளி பளபளக்கிறது. பார்ப்பவனுக்குக் குலை நடுங்குகிறது. ஆனால் நடுங்குகிறவன் சற்றுச் சுதாரித்துக்கொண்டானானால், எந்த இடத்தில் சுடவேண்டும் என்பதும் அவனுக்கு அதே கையினால் தெரிந்துவிடுகிறது. மேலும் அந்த மறைவு நிரந்தரமன்று. மின்விசை வடிந்ததும் உருவம் திரும்பிவிடும். மறுபடியும் மாயமாக வேண்டுமென்றால் பிளக் பாயிண்ட்டையோ மின்கம்பியையோ தேடித் திரியவேண்டும். 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் மாயாவி ஆவடிப் பக்கம் குடியிருந்திருந்தால், பெரும்பாலான நேரம் நம்மைப்போல் விசிறியும் கையுமாக எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான்.

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில், அதாவது விஜயந்தா முதல் அர்ஜுன் வரை பீரங்கி வண்டிகள் உருவான அந்த ‘டேங்க் ஃபேக்டரி’யில், வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் இந்த வீரர்களைப் பற்றி ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். “சார், எல்லாப் பக்கமும் ஒரே தடிமனா தகடு போட்டா வண்டி நகராது. முன்பக்கம் கெட்டியா போடுவோம், பின்பக்கமும் மேல்பக்கமும் மெல்லிசாத்தான் இருக்கும்” என்றார். வீரர்களைப் படைக்கும் கதாசிரியர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. எல்லாப் பக்கமும் கவசம் பூட்டிவிட்டால் கதை நகராது.

இந்தச் சங்கடத்தில் முழுதாக மாட்டிக்கொண்டவன் சூப்பர்மேன். ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இரண்டு இளைஞர்கள் தங்கள் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டு, 1938-இல் அவனை உலகுக்கு அளித்தபோது அவனுக்குப் பறக்கத் தெரியாது. கட்டடங்களைத் தாவிக் கடப்பான், அவ்வளவே. வெடிக்கும் பீரங்கிக் குண்டு அவன் தோலைத் துளைக்கும் என்றுகூட இடம் விட்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் சக்திக்கு மேல் சக்தியாக ஏற்றிக்கொண்டே போக, அவனை அசைக்கவல்ல எதிரி பூமியில் இல்லாமற்போயிற்று. வேறு வழியின்றி அவன் பிறந்த கிரகத்தின் சிதறலென்று கிரிப்டோனைட் என்னும் பச்சைக் கல்லை வெளியிலிருந்து கொண்டுவரவேண்டியதாயிற்று. 1943-இல் வானொலி நாடகத்தில் தலைகாட்டிய அக்கல், 1949-இல் காமிக்ஸுக்குள் வந்தது. மாயாவியின் பலவீனம் அவன் உடம்பிலேயே திருகாணி போட்டுப் பொருத்தப்பட்டிருக்க, சூப்பர்மேனின் பலவீனம் தபாலில் வந்தது போல் வந்து சேர்ந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

அதே சீகல் பிற்காலத்தில் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய வீரன், சூப்பர்மேனுக்கு எல்லா வகையிலும் நேர்மாறானவன் என்பது விசித்திரமான செய்தி. டெட் கோவன் கற்பனையில் 1965-இல் ‘லயன்’ இதழில் தோன்றி, ரெஜ் பன்னின் தூரிகையில் கூர்மையான காதும் கொடூரமான பார்வையும் பெற்ற ஸ்பைடரைத்தான் சொல்கிறேன். சிலந்தி கடித்துச் சுவரேறும் அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1984-இல் தொடங்கிய நம் லயன் காமிக்ஸின் மூலம் தமிழ்ப் பிள்ளைகளின் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட இவன், குற்ற உலகுக்கே சக்கரவர்த்தியாக முடிசூட்டிக்கொள்ளப் புறப்பட்டவன். உடம்பில் அதிமானுஷ்ய சக்தி எதுவும் கிடையாது. வலைத் துப்பாக்கி, வாயுத் துப்பாக்கி, ஆகாய வாகனம் ஆகிய சாதனங்களும் அபாரமான மூளையுமே மூலதனம். அவனுடைய ஓட்டை அகந்தை. பிடிபட்டவனை உடனே முடித்துவிட்டுப் போகாமல், தன் பிரதாபத்தைத் தானே அளந்து கொட்டிய பிறகே அடுத்த காரியத்துக்குப் போவான். இயந்திர மனிதன் ஆர்ச்சிக்கும் இதே வியாதிதான். தொலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியை எவனாவது பறித்துக்கொண்டால் இரும்பு முழுவதும் வீண் என்பதை அந்தத் தற்பெருமைக்காரன் சௌகரியமாக மறந்துவிடுவான்.

வேதாளர் என்றும் முகமூடி மாயாவி என்றும் நாம் அறிந்த வீரரை லீ ஃபாக் 1936-இல் படைத்தபோது, பலவீனத்தை நீக்க முயலாமல் அதை மறைப்பதற்கு ஓர் ஏற்பாடு செய்தார். வேதாளர் சாதாரண மனிதர். ஒரு தோட்டா போதும். ஆனால் தந்தை இறந்ததும் மகன் அதே முகமூடியையும் அதே மண்டையோட்டு மோதிரத்தையும் அணிந்துகொள்ள, இருபத்தொரு தலைமுறையாக ஒரே ஆள் சாகாமல் நடமாடுகிறார் என்று கானகம் நம்புகிறது. அவருடைய சக்தி முழுவதும் பிறர் மனத்தில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. வதந்திக்கு இத்தனை கண்ணியமான உபயோகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆவடியிலிருந்து மின்சார ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி, 1985-இல் தீக்கிரையாவதற்கு முன்னிருந்த மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் குவியல்களில் அட்டை கிழிந்த காமிக்ஸ்களைத் துழாவிய தலைமுறைக்கு இன்றளவும் தீராத வழக்கு ஒன்றுண்டு: மாயாவியும் ஸ்பைடரும் மோதினால் வெற்றி யாருக்கு? இருவரும் வெவ்வேறு பத்திரிகைகளில் பிறந்தவர்களாதலால் அந்த மோதலை நாமேதான் நடத்திப் பார்க்கவேண்டும். மறைந்து நிற்கிறவன்மீது வலையை எறிவதெப்படி என்று மாயாவியின் கட்சிக்காரர்கள் மடக்குவார்கள். வலைக்கு வேண்டியது ஒரு குறி. அந்தக் குறியை மாயாவி தன் வலக்கையிலேயே சுமந்து வருகிறான். கையில் வலை சிக்கியபின் உடம்பு கண்ணுக்குத் தெரிந்தாலென்ன, தெரியாவிட்டாலென்ன? ஆகவே என் வாக்கு ஸ்பைடருக்கே, பிடித்தவுடன் சொற்பொழிவைத் தொடங்காமல் இருப்பானாகில். தொடங்கிவிட்டானோ, பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் போதும். தீர்ப்பை மாற்றி எழுத வேண்டியதுதான்.