நெருப்பு வேண்டாம், தண்ணீர் போதும்

தீபாவளி நெருங்கினால் பினாங்கு மாநிலத்து ஜுரு பையன்களுக்குக் கை பரபரக்கும். தீக்குச்சி மருந்தைச் சுரண்டி அலுமினியத் தாளில் சுற்றி ராக்கெட் விடும் காணொளிகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. மூங்கில் பீரங்கி வெடித்து விரல் இழந்த செய்திகளைப் படித்தும் ஆசை அடங்குவதில்லை. உரிமம் இல்லாமல் வெடிபொருள் செய்வது மலேசியாவின் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம் என்பதாவது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ராக்கெட் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு ஒன்றரை லிட்டர் சோடா பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, வால்வு பொருத்திய தக்கையால் இறுக்கி, ஏவுதளப் பூட்டில் மாட்டி, சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். உள்ளே அழுத்தம் 5 பார் ஏறினால், தண்ணீர் நொடிக்கு முப்பது மீட்டர் வேகத்தில் கீழே பீறிடும்; பாட்டில் மேலே பாயும். நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, தண்ணீர் தீர்ந்துவிடும். தண்ணீர் ஊற்றாமல் வெறுங்காற்றை அடைத்துப் பாருங்கள், சொற்ப உயரத்தோடு சரி. வெளியே தள்ளும் பொருளுக்குக் கனம் வேண்டும்.

ஆனால் கூடு தாங்கும் அளவுதான் அழுத்தம். 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயரைக் கலங்கடித்த மைசூர் ராக்கெட்டுகளின் பலம் இரும்புக் குழாயில் இருந்தது. அத்தகைய ராக்கெட்டுகளை முன்மாதிரியாகக் கொண்டுதான் கண்டுபிடிப்பாளர் வில்லியம் காங்கிரீவ் பிரிட்டனில் தன் ராக்கெட்டை உருவாக்கினார். சோடா பாட்டில் இரும்பு அல்ல. கீறல் விழுந்ததையும் வெயிலில் காய்ந்ததையும் தூக்கிப் போடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது இறக்கையில். மூக்கில் கொஞ்சம் களிமண் வைத்து, ராக்கெட் சமநிலையில் நிற்கும் இடத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் பறக்கத் தயார். தடுமாறினால் இறக்கையைப் பெரிதாக்குங்கள், அல்லது மூக்கின் கனத்தைக் கூட்டுங்கள்.

உயரத்தைப் பார்த்துக் கைதட்டுவது நம் பழக்கம். ஆனால் ஆசிய-பசிபிக் வட்டார விண்வெளி முகமை மன்றம் 2005 முதல் மாணவர்களுக்கு நடத்தும் நீர் ராக்கெட் போட்டியில், குறித்த இடத்துக்கு மிக அருகே இறக்குபவரே வெல்வார். குறி தவறாமல் இறக்க, தண்ணீரின் அளவையும் கோணத்தையும் ஒவ்வொன்றாக மாற்றி நோட்டில் எழுதியே ஆகவேண்டும். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.

ஜுருவில் நெடுஞ்சாலை பக்கம், மின்கம்பிகளும் உண்டு. அதனால் வீட்டு வாசல் வேண்டாம். பள்ளித் திடலைக் கேட்டு வாங்குங்கள்; பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, நீளக் கயிற்றால் பூட்டை இழுத்து விடுங்கள். பக்கத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்கட்டும்.