மறந்துபோகிற அளவுக்குச் சின்ன துப்பாக்கி... அதுதான் ஆபத்தே!

ஒரு நிமிஷம் உங்க பேன்ட் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுப் பாருங்க. போன் இருக்கும். வண்டிச் சாவி, ரெண்டு சில்லறைக் காசு, எப்பவோ மடிச்சு வெச்ச ஒரு பில்... எல்லாத்துக்கும் அடியில, துவைச்சுத் துவைச்சு உருண்டு கிடக்கிற பஞ்சுத்தூசி. இப்போ அதே பாக்கெட்டுக்குள்ள, தோட்டா நிரப்பின ஒரு துப்பாக்கியும் இருக்குனு நினைச்சுக்கோங்க.

நமக்கு இது சினிமா சீன். ஆனால், அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களுக்கு இது தினசரிப் பழக்கம். வெளியே தெரியாமல் துப்பாக்கியை உடம்போடு வைத்துக்கொள்வதை 'கன்சீல்டு கேரி' என்கிறார்கள். அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதற்குத் தனி பெர்மிட்கூடத் தேவையில்லை. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து இதுதான் நிலைமை. டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ உங்க அண்ணனோ ஃப்ரெண்டோ இருந்தால், சூப்பர் மார்க்கெட் க்யூவில் அவருக்கு முன்னால் நிற்பவரின் பாக்கெட்டில் ஒன்று இருக்கலாம்.

அந்தக் குட்டித் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது, ஏன் பெரிய துப்பாக்கியைவிட அதிகக் கவனிப்பு கேட்கிறது? கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

சின்னது, ஆனா வரலாறு பெருசு

1865-ல் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனைத் தியேட்டரில் வைத்துச் சுட்ட துப்பாக்கி, 6 அங்குலம்கூட நீளமில்லாதது. பெயர் டெரிஞ்சர். ஒரே ஒரு குண்டுதான் போடமுடியும். கோட்டுக்குள் மறைக்க முடிந்ததுதான் அதன் 'சிறப்பு'.

அடுத்த பாய்ச்சல், ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளரிடமிருந்து வந்தது. சின்ன பிஸ்டல்களுக்காக அவர் வடிவமைத்த '.380' தோட்டா 1908-ல் விற்பனைக்கு வந்தது. 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு முதல் உலகப்போருக்குத் திரி கொளுத்திய பிஸ்டலில் இருந்தது அந்த வகைத் தோட்டாதான். 1948 ஜனவரி 30-ல் டெல்லியில் காந்தியின் உயிரைப் பறித்த இத்தாலிய பெரெட்டா பிஸ்டலிலும் அதே வகைதான். இன்று அமெரிக்கர்களின் பாக்கெட்டில் இருக்கும் பல குட்டி பிஸ்டல்களும் அதே தோட்டாவைத்தான் சுடுகின்றன. 'சின்ன துப்பாக்கிதானே' என்று யாராவது சொன்னால், இதை ஞாபகப்படுத்துங்க.

சின்னதாக்க என்ன விலை கொடுக்கிறார்கள்?

2008-ல் வந்த ருகர் எல்.சி.பி என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். தோட்டா இல்லாமல் எடை சுமார் 266 கிராம். பெரிய ஸ்மார்ட்போனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நீளம் 13 சென்டிமீட்டர். இதற்கு முன்பே வந்த கெல்-டெக் பி-32 இன்னும் லேசு, 190 கிராம்கூட இல்லை.

எடை குறைவதில் லாபம், சுமக்கிறவருக்கு. நஷ்டம், சுடும்போது. கனமான துப்பாக்கி பின்னுதைப்பைத் தானே கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். லேசானதில் அந்த உதை முழுக்கக் கைக்கு வரும். பிடிப்பதற்கோ, ரெண்டு விரலுக்குத்தான் இடம். குழல் குட்டை, குறிபார்க்கும் புள்ளிகள் சின்னது. 'முதன்முதலா வாங்குறவங்களுக்குச் சின்னதே ஈஸி' என்பது பலரின் நம்பிக்கை. உண்மை நேரெதிர். பழகுவதற்குக் கஷ்டமானதே சின்னதுதான்.

கீழே விழுந்தால்?

2024 அக்டோபர் 1-ம் தேதி அதிகாலை. இந்தி நடிகர் கோவிந்தா கொல்கத்தா கிளம்பும் அவசரத்தில், தன் லைசென்ஸ் ரிவால்வரை எடுத்து வைக்கப்போகிறார். கை தவறிக் கீழே விழுகிறது. குண்டு அவர் காலிலேயே பாய்ந்தது. நல்லவேளை, ஆபரேஷனோடு பிழைத்துக்கொண்டார்.

விழுந்தால் எப்படி வெடிக்கும்? தோட்டாவின் பின்பக்கத்தை ஓங்கித் தட்டினால் அது வெடிக்கும். அதைத் தட்டுவதற்கு ஒரு ஊசியும், அந்த ஊசியை அடிக்க ஒரு சுத்தியும் துப்பாக்கிக்குள் உண்டு. பழைய ரிவால்வர்கள் பலவற்றில் சுத்தி நேராகத் தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் அடிபடுகிற மாதிரி விழுந்தால், அந்த வேகமே போதும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சுத்திக்கு நேரான அறையை மட்டும் காலியாக விட்டுவிட்டு, ஆறு போடும் இடத்தில் ஐந்துதான் போடுவார்கள். பின்னாளில், டிரிகரை முழுசாக அழுத்தினால் மட்டுமே சுத்தியின் அடி ஊசிக்குப் போய்ச்சேரும்படி குறுக்கே தடைகளை வைத்தார்கள்.

ஆனால், புதுசு என்பதாலேயே ஒரு துப்பாக்கி பத்திரமாகிவிடாது. மேலே பார்த்த அதே எல்.சி.பி, சந்தைக்கு வந்த 2008-ம் ஆண்டிலேயே திரும்பப் பெறப்பட்டது. தோட்டா ஏற்றிய நிலையில் கடினமான தரையில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று சொல்லி, முதலில் வந்த துப்பாக்கிகளை நிறுவனமே திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுத்தது.

'நிறுவனமே' என்பதைக் கவனியுங்க. அமெரிக்காவில் மிக்ஸி, டோஸ்டர், குழந்தைகளின் பொம்மை வரை பாதுகாப்பைக் கவனிக்க ஓர் அரசு ஆணையம் இருக்கிறது. துப்பாக்கிகளைத் தொடும் அதிகாரம் மட்டும் அதற்குக் கிடையாது. பொம்மைத் துப்பாக்கியில் குறை இருந்தால் அந்த ஆணையம் கேள்வி கேட்கும். நிஜத் துப்பாக்கி என்றால் கேட்க முடியாது!

மாநிலங்களில் கலிஃபோர்னியா கொஞ்சம் கறார். அங்கே கடைக்கு வரும் புது மாடல், 1 மீட்டர் 1 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தளத்தில் விழுந்தும் வெடிக்கக் கூடாது. 600 தடவை சுட்டுப் பார்ப்பார்கள். முதல் 20-ல் ஒரு கோளாறுகூட வரக் கூடாது. மொத்தத்தில் 6-க்கு மேல் போகக் கூடாது.

ஏன் சிக்கிக்கொள்கிறது?

ஒவ்வொரு முறை சுடும்போதும் பிஸ்டலின் மேல்பகுதி, அதாவது ஸ்லைடு, பின்னால் போய்க் காலித் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு, முன்னால் வரும்போது அடுத்ததை உள்ளே ஏற்றும். பெரிய பிஸ்டலில் ஸ்லைடு கனமாக இருக்கும், ஓடும் தூரமும் அதிகம். கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் தள்ளிக்கொண்டு போய்விடும்.

குட்டி பிஸ்டலில் ஸ்லைடு லேசு, ஓடும் தூரம் குறைவு. அந்த வேகத்தைத் தாங்க இறுக்கமான ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். எல்லாம் நூலிழைக் கணக்கு. ஸ்பிரிங் தளர்ந்தால் சிக்கும். மணிக்கட்டைத் தளர்வாக வைத்துச் சுட்டால், கையும் சேர்ந்து பின்னால் போய்விட ஸ்லைடு முழுதாக ஓடாது. அப்போதும் சிக்கும். தோட்டா பிராண்ட் ஒத்துவராவிட்டாலும் சிக்கும். அதனால்தான், பாக்கெட்டில் வைக்கப்போகிற தோட்டாவையே ரேஞ்சில் நிறையச் சுட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள் பயிற்சியாளர்கள்.

பஞ்சுத்தூசிதான் வில்லன்

ஆரம்பத்தில் பாக்கெட்டுக்கு அடியில் பார்த்தோமே, அந்தத் தூசி... அதுக்கு இப்போ வருவோம். ஒரு தடவைகூடச் சுடாமலேயே பாக்கெட் துப்பாக்கி அழுக்காகும். குழலின் வாய், டிரிகர் இடுக்கு, மேகஸின் என எல்லா இடத்திலும் பஞ்சு போய் அடையும். 'எண்ணெய் நிறையப் போட்டா நல்லது'னு நினைத்து ஊற்றினால், தூசி அதில் ஒட்டிப் பசையாகிவிடும். தோட்டாவுக்குள் எண்ணெய் இறங்கினால், வெடிக்காமலே போகலாம். துடைத்துவிட்டு, உராயும் இடங்களில் ஒன்றிரண்டு சொட்டு. அவ்வளவுதான்.

அடுத்தது வியர்வை. உடம்போடு ஒட்டியே இருப்பதால் உப்பு ஏறும். 'ஸ்டெயின்லெஸ்' என்று எழுதியிருந்தாலும் துரு பிடிக்கும்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாத விஷயம். தினமும் ராத்திரி தோட்டாவை வெளியே எடுத்து, காலையில் அதையே திரும்ப ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் முனை இடிபட்டு, குண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவுக்குள் அமுங்கும். அமுங்கினால் உள்ளே இடம் குறைந்து, சுடும்போது அழுத்தம் எகிறும். அடிக்கடி ஏற்றி இறக்கிய தோட்டாவை ஒதுக்கிவிட வேண்டும்.

சுத்தம் செய்யும்போதுதான் நிறைய விபத்துகள் நடக்கின்றன. காரணம், வரிசை மாறுவது. முதலில் மேகஸினை வெளியே எடுக்கணும். பிறகுதான் ஸ்லைடை இழுத்து, குழலுக்குள் இருக்கும் தோட்டாவை வெளியேற்றணும். மாற்றிச் செய்தால், ஒன்றை வெளியே தள்ளிவிட்டு மேகஸினிலிருந்து இன்னொன்று உள்ளே ஏறி உட்கார்ந்துவிடும். 'மேகஸினை எடுத்துட்டேனே, காலிதான்' என்பதும் தப்பு. குழலுக்குள் ஒன்று இருக்கலாம். சில மாடல்களைக் கழற்ற டிரிகரை அழுத்தியாக வேண்டும் என்பதால், கண்ணால் பார்த்து, விரலால் தடவியும் உறுதிசெய்யச் சொல்கிறார்கள்.

உறை இல்லாவிட்டால்...

2008 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் பிளாக்சிகோ பர்ரெஸ், நியூயார்க் கிளப் ஒன்றுக்கு இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு போனார். உறை இல்லை. அது நழுவ, பிடிக்கப்போய் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். அனுமதியில்லாத துப்பாக்கி என்பதால் 2 வருட ஜெயில் தண்டனை. 'சூப்பர் பவுல்' ஜெயித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை!

பாக்கெட்டில் வைப்பவர்களுக்கு விதி எளிது. டிரிகரை முழுக்க மூடும் உறை கட்டாயம். அந்தப் பாக்கெட்டில் துப்பாக்கியைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவியோ பேனாவோ டிரிகர் வளையத்துக்குள் நுழைந்தால் போதும், விரல் தேவையில்லை.

ஹேண்ட்பேக் இன்னும் மோசம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில், ஷாப்பிங் போன ஓர் இளம் தாயின் பையிலிருந்த துப்பாக்கி, அவரது 2 வயது மகனின் கைக்குப் போனது. அம்மா அங்கேயே இறந்துபோனார். அது துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை. ஆனால், பையை எப்போதும் கையில் பிடித்துக்கொண்டே இருக்க யாரால் முடியும்?

"ஐயோ, மறந்துட்டேன் சார்!"

2023-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அதில் சுமார் 93 சதவிகிதம் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், 'பையில இருந்ததே ஞாபகம் இல்லை'.

இதுதான் இந்தக் கதையின் மையம். இருப்பதே தெரியாத அளவுக்கு லேசாக இருக்கணும் என்றுதான் இதை வடிவமைக்கிறார்கள், அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். தெரியாத பொருளை மனசு மறந்துவிடும். மறந்ததை யாரும் துடைக்க மாட்டார்கள், ஸ்பிரிங் மாற்ற மாட்டார்கள், குழந்தை கைக்கு எட்டுமா என்று பார்க்க மாட்டார்கள்.

இதுல உங்களுக்கு என்ன?

படிக்கவோ வேலைக்கோ அமெரிக்கா போகிறீர்களா? எஃப்-1, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். 'டெக்சாஸ்ல பெர்மிட்டே வேணாமாம்' என்று ரூம்மேட் சொல்வதை நம்பி இறங்கினால், விசாவோடு வாழ்க்கையும் போகும். துப்பாக்கி இருக்கும் வீட்டுக்குக் குழந்தையோடு போனால், 'அதைப் பூட்டி வெச்சிருக்கீங்களா?' என்று கேட்கத் தயங்காதீங்க. அங்கே அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை.

ஊருக்குத் திரும்பும்போது, இரவல் வாங்கிய பையாக இருந்தால் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து தடவிப் பாருங்க. மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா போதும், இந்திய ஏர்போர்ட்டில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு பாயும். தெரியாமல் இருந்தது என்று கோர்ட் ஏற்றுக்கொண்டு வழக்கை ரத்து செய்த சம்பவங்கள் நிறைய உண்டு. ஆனால், அதுவரை அலைய வேண்டியது நீங்கதான்.

போனை வீட்டில் மறந்துவிட்டு வந்தால், ஒருநாள் வாட்ஸ்அப் போகும். அதே சைஸில், அதே பாக்கெட்டில் இருக்கும் அந்த இன்னொரு பொருளை மறந்தால் போவது யாரோ ஒருவரின் உயிர். பெரும்பாலும் அது வீட்டு ஆளாகத்தான் இருக்கும்.